ஆறாவது பல்சக்கரம்

மூன்று மாதம் நான் வேறு ஒன்றும் பேசவில்லை. கடைக்கு மோட்டார் பம்பு வாங்க வந்தவர்களிடம்கூடப் பேச்சை எப்படியாவது சைக்கிள் கியருக்குத் திருப்பிவிடுவேன். தென்னந்தோப்புக்கு ஒன்றரைக் குதிரைத்திறன் போதுமா, ரெண்டு வேணுமா என்று கேட்க வந்த மனுசன், ஜப்பான்காரன் கியர் லிவரை எப்படிச் செய்திருக்கிறான், அமெரிக்காக்காரன் எப்படிச் செய்திருக்கிறான் என்று அரைமணிக்கூர் கேட்டுவிட்டுப் போவார். பம்பு வாங்க மறந்து போனவர்களும் உண்டு. எனக்கு மண்டையில் ஒரு போல்ட் லூசாகிப் போச்சு என்று புதுக்கடை ஊர் முக்கில் பேசிக்கொண்டதாகக் கேள்வி. பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போகணுமே.

மேஜைக்குப் பின்னால், பம்பு விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தேன். அதில் மூன்று கம்பெனிக்கு மூன்று கட்டம். வளைந்த கைப்பிடி வைத்த ரோடு பைக்கில் பிரேக், கியர் மாற்றும் லிவர், செயின், முன்னால் ரெண்டு பல்சக்கரம், பின்னால் அடுக்காக இருக்கும் பதினொரு பல்சக்கரம், செயினை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளிவிடும் கை, இது அத்தனையும் சேர்த்து ஒரே கம்பெனி ஒரு தொகுதியாக விற்கும். குரூப்செட் என்று பெயர். வண்டியில் ஓட்டுகிறவனின் கைக்கும் காலுக்கும் பதில் சொல்லுவது இந்த எளவுதான். அதனால் இதைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு ஆளின் புத்தி தெரிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஜப்பான்காரன் ஷிஃப்டரில் பிரேக் லிவரையே பக்கவாட்டில் உள்ளே தள்ளினால் கியர் ஒரு பக்கம் போகும், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன லிவரைத் தள்ளினால் மறுபக்கம். அமெரிக்காக்காரன் ஒரே ஒரு சின்ன லிவரோடு நிறுத்திக்கொண்டான். லேசாகத் தட்டினால் ஒரு பக்கம், நீட்டித் தள்ளினால் மறுபக்கம். இத்தாலிக்காரன் ஒன்றை விரலுக்கும் மற்றதைப் பெருவிரலுக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டான். இது மூன்றும் கம்பியை இழுத்துக் கியர் மாற்றுகிறவை. பேட்டரி வைத்த வகையும் உண்டு. பட்டனைத் தொட்டால் சின்ன மோட்டார் ஒன்று செயினைத் தள்ளும். அதை நான் தாளில் ஏற்றவே இல்லை. பதினாறு வருசம் கல்ஃபில் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீசியனாக இருந்தவன். மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் ஒருநாள் ஓடாது என்பதை அங்கே ராத்திரி பகலாகப் பார்த்திருக்கிறேன். கம்பி என்றால் அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

இத்தனை ஆராய்ச்சியும் என் வண்டிக்கு இல்லை. என் மனைவியின் வண்டிக்கு. அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கட்டம் போட்ட தாளை ஒருநாள் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். கணக்கு டீச்சர் ஆச்சே, எடையும் பல்லெண்ணிக்கையும் வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்தாவது மெச்சுவாள் என்று ஒரு ஆசை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எது தோணுதோ அத மாட்டுங்க" என்றாள்.

"ஓட்டப்போறது நீயில்லியா?"

"ஓட்டுனாப் போதும்லா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒரு மனுசன் மூன்று மாதம் மெனக்கெட்டு ஒரு காரியம் செய்தால், ஒரு கேள்வியாவது கேட்கக் கூடாதா?

நாங்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் திரும்பி நாலு வருசம் ஆகிறது. அதற்கு முந்தின பதினாறு வருசத்தில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ரெண்டு வருசம் தேறாது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு. வந்தால் கல்யாணம், அடியந்திரம் என்று ஊர் விசேசங்கள், பெட்டி பிரித்துப் பங்குவைப்பு, அதற்குள் திரும்பிப் போகிற டிக்கெட். நிரந்தரமாக வந்து உட்கார்ந்தபோது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, போனில் பேசுகிற மாதிரியே, "பின்ன, வேற என்ன விசேசம்?" என்று கேட்டுக்கொள்வோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டிருக்கிறோம்.

கல்ஃபில் என்னோடு வேலை பார்த்தவர்களோடு சேர்ந்து வெள்ளிக்கிழமை காலையில் ரோடு பைக் ஓட்டிப் பழகியிருந்தேன். வரும்போது ஒன்றுக்கு ரெண்டாகக் கொண்டுவந்தேன். அவள் கல்லூரிக்கு அஞ்சு மைல் சைக்கிள் மிதித்துப் போனவள். முதல்நாளே குனிந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை உண்டு, சர்ச்சுக்கு முந்தி வேர்த்து வழிந்துகொண்டு வருவது அவளுக்குச் சரிவராது. அதனால் எங்களுக்கு சனிக்கிழமை. தக்கலைப் பக்கம் இருக்கும் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஒரு சனி கீரிப்பாறை, மறு சனி ஆரல்வாய்மொழி என்று போய், பத்து மணிக்குக் கடை திறப்பதற்குள் திரும்பிவிடுவோம். வழியில் மூன்று நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். அவர் வண்டியில் பேட்டரி குரூப்செட். "இன்னைக்கு சைக்கிளுக்கு சார்ஜ் போட்டியளா டாக்டர், இல்ல பின்னால உருட்டிக்கிட்டு வாறியளா?" என்று கேட்காமல் நான் ஒரு சனிக்கிழமையைத் தொடங்கினதில்லை.

முதல் ரெண்டு வருசம் அவள் என்னோடு சமமாக வந்தாள். பிறகு பின்தங்க ஆரம்பித்தாள். சமதளத்தில் கால் மட்டும் விறுவிறு என்று சுற்றும், வண்டி முன்னேறாது. ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு மிதியையும் உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு மிதிப்பாள். கீரிப்பாறையில் ரப்பர் எஸ்டேட்டுக்குள் ரோடு ஏறுகிற இடத்தில் ஒரு கொண்டை வளைவு இருக்கிறது. நான் முன்னாலேயே மேலே போய் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, கீழே பார்த்துச் சத்தம் போடுவேன்.

"கியர மாத்து. ஏட்டி, கியர மாத்துன்னு சொல்லுகேன்லா."

"மாத்துகேன்" என்று குரல் வரும். மாற்றமாட்டாள். நின்றபடியே மிதித்து வந்து சேருவாள். ரப்பர் பால்வெட்டு முடித்து வாளியோடு இறங்குகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். "பதினொரு கியரு எதுக்கு வச்சிருக்கு, அழகு பாக்கவா?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பாள். பிரேக்கும் அப்படித்தான். பின் சக்கரத்துப் பிரேக் கட்டை ரெண்டு தடவை தேய்ந்து மாற்றினேன், முன்சக்கரத்துக் கட்டை புதுசுபோலவே கிடந்தது. முன்சக்கரத்துக்கான வலது கைப் பிரேக்கை அவள் தொடுவதே இல்லை. அதற்கும் ஒரு பாடம் நடத்தினேன், மணலில் பின்பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி வழுக்கும் என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அவளுக்கு இருக்கிற ஷிஃப்டர் பழைய மாடல், கியர் மாற்றுவது சள்ளையாக இருக்கிறது, நல்லதாக ஒன்று மாட்டிக்கொடுத்தால் மாற்றுவாள். அங்கே தொடங்கினதுதான் அந்தத் தாளும் மூன்று கட்டமும்.

சும்மா இணையத்தில் படித்து எழுதுகிற ஆள் இல்லை நான். அளந்து பார்க்கணும். மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கி, கொக்கியை லிவரில் மாட்டி இழுத்து, கியர் விழுகிற கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுவேன். ஆரல்வாய்மொழி சாயாக்கடையில் கூட்டம் மொத்தமும் வண்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு சாயா குடிக்கும். நான் மட்டும் தராசோடு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்துகொண்டிருப்பேன். அமெரிக்கன் லிவர் நீட்டித் தள்ளும்போது கனமாக இருந்தது. ஜப்பான் லிவர் அதைவிட லேசு, ஆனால் முன் பல்சக்கரத்தில் செயினை ஏற்றும்போது கொஞ்சம் அடம் பிடித்தது. இத்தாலிப் பெருவிரல் பட்டன் ஒருவர் வண்டியில்தான் இருந்தது, அவர் தொடவிடாமல் முணுமுணுத்தார். சாயாக்கடைக்காரர், "மீன் எங்கண்ணே?" என்று கேட்டார். என் மனைவி கண்ணாடிக் கிளாசை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டு, காற்றாலை விசிறிகள் கறங்குகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குளிருக்கு அப்படிப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். ஆரல்வாய்மொழியில் காற்று உண்டு, குளிர் எங்கே இருக்கிறது?

தராசு ஜப்பான்காரனுக்குத் தீர்ப்புச் சொன்னது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் லீவில் வருவதாக இருந்தார், அவர் பெட்டியில் கொண்டுவரச் சொன்னேன். கல்ஃபிலிருந்து நம்மூருக்கு வராத சாமான் எது, எல்லாம் யாராவது ஒருவர் பெட்டியில் துணிக்கு நடுவே வந்துவிடும். ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பள்ளியில் பரீட்சை வேலை இருந்தது, ஓட்டத்துக்குப் போகவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் மாட்டி முடித்துவிடலாம் என்று கடையை அடைத்துப்போட்டு, அவள் வண்டியை வராண்டாவில் ஸ்டாண்டில் தூக்கி வைத்தேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி செயினும் பல்சக்கரமும் புதுசு மாட்டினதற்குப் பிறகு அந்த வண்டியை நான் பிரிக்கவே இல்லை. தன் வண்டியைத் தானே துடைத்து எண்ணெய் விட்டுக்கொள்வாள். அது ஒரு நல்ல பழக்கம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பின்கியரை மாற்றுகிற வலது பக்க லிவரைத் தள்ளினேன். நகரவில்லை. உள்ளே கிரீஸ் இறுகிக் கட்டையாகக் கிடந்தது. ஆள் தொடாத பூட்டுக்குத்தான் அப்படி ஆகும். பின் சக்கரத்தைக் கழற்றி, பதினொரு பல்சக்கர அடுக்கை உருவி, மண்ணெண்ணெயில் கழுவிப் பேப்பர் மேல் வைத்தேன். வைத்தவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆறாவது பல்சக்கரம் மட்டும் தேய்ந்து, பல்லெல்லாம் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கு மேலே அஞ்சும் கீழே அஞ்சும் கடையில் வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே மினுங்கின. முன்னாலும் சின்னச் சக்கரம் தேய்ந்திருந்தது, பெரிய சக்கரம் அப்படியே இருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீட்டர் பொய் சொன்னாலும் தேய்மானம் பொய் சொல்லாது என்று கல்ஃபில் புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ரெண்டு வருசமாக இந்தப் பெண் ஒரே கியரில் ஓட்டியிருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை சொல்லியும் இவள் வேண்டுமென்றே செய்திருக்கிறாள், நான் மேலே நின்று தொண்டை கிழியக் கத்தினதை எல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள் என்று தோன்றியது. மூன்று மாதம் தராசும் கையுமாக அலைந்தது ஞாபகம் வந்து, உடம்பெல்லாம் எரிந்தது.

மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றி, பையைக் கதவோரம் வைத்துவிட்டு, பேப்பர் மேல் கிடந்ததைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு வருசமா ஒரே கியர்லதான் ஓட்டுனியா?" என்று கேட்டேன்.

"ஓ" என்று தலையாட்டினாள்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா. எனக்கு எதிராச் செய்யணும்னு ஒரு வாசியா, பிடிவாதமா?"

அவள் படியில் உட்கார்ந்தாள். வலது கையை என் முன்னால் நீட்டி, மூடினாள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி வழியில் நின்றுவிட்டன. கணுக்கள் வீங்கி உருண்டிருந்தன. தினமும் எனக்குச் சோறு போடுகிற கை. நான் பார்த்ததில்லை.

"இம்புட்டுத்தான் மடங்கும். காலம்பற இதுவும் மடங்காது. வெயில் ஏறுனா கொஞ்சம் அயஞ்சு இளகும்."

"டாக்டர்ட்ட போனியா?"

"போனேன். மூட்டுவாதம்னு சொன்னாரு. மாத்திரை தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்லல்ல?"

அப்போதுதான் அவளுக்குக் குரல் உயர்ந்தது. "சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு லீவுல நீங்க வந்திருந்தப்ப நான் ஸ்கூட்டர்ல இருந்து ஒருக்கா விழுந்தேன், ஓர்மை உண்டா? முட்டுல சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல. மறுநாள் ஸ்கூல் விட்டு வாறேன், வண்டியக் காணோம். வித்துட்டேன்னு சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க லீவு முடிஞ்சு போயிட்டீங்க, நான் ஏழு வருசம் பஸ்ஸுக்கு நின்னேன். கை வலிக்குன்னு சொன்னா சைக்கிளத் தூக்கி மச்சில வச்சிருவீங்க. அதுக்கு வலிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்படி என்ன சைக்கிள் மேல ஆசை?"

"சைக்கிள் மேல யாருக்கு ஆசை? பதினாறு வருசம் போன்ல குடும்பம் நடத்துனோம். இப்பவும் நீங்க கடை, நான் ஸ்கூலு. சனிக்கிழமை காலம்பற ஒண்ணுதான் ரெண்டுபேரும் ஒரே ரோட்டுல போறது. நீங்க முன்னாலதான் போறீங்க. இருந்தாலும் முதுகாவது கண்ணுல தெரியும்லா."

ஊறுகாய்ப் பாட்டிலை மூடி திறக்க என்னிடம் நீட்டுவாள், வீட்டில் ஆம்பிளை வந்துவிட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. தேங்காய் திருவித் தரச் சொல்லுவாள், இவளுக்கு இப்போது மடி பிடித்துப்போச்சு, சோம்பேறியாகிவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே திருவிக் கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. அவள் எழுந்து உள்ளே போய் உலை வைத்தாள். சாப்பிடும்போது அவள் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சோத்தப் பாத்துச் சாப்பிடுங்க" என்றாள்.

ஜப்பான் பெட்டியை மூடி வைத்தேன். கழற்றின பழைய சாமானை எல்லாம் திரும்ப அவள் வண்டியிலேயே மாட்டினேன், தேய்ந்த ஆறாவது பல்சக்கரம் உட்பட. மறு சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை வேலை முடியவில்லை. நான் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கீரிப்பாறைக்குப் போனேன். எனக்கு சீட் கொஞ்சம் தாழ்வு, அது ஒரு பொருட்டில்லை. செயினை ஆறாவதில் போட்டு, வலது கையின் ரெண்டு விரலை லிவர் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

சமதளத்திலேயே வெப்ராளம், ஒரு படபடப்பு, வந்துவிட்டது. கால் சுற்றுகிறது, வண்டி போகவில்லை. எதிரே வந்த எஸ்டேட் பஸ்ஸுக்காகப் பின்பிரேக்கை மட்டும் பிடித்தபோது வால் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது. ரப்பர்ப்பால் உறைகிற வாடை வருகிற இடத்தில் ஏற்றம் தொடங்கியது. எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலுக்குள் யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குகிறார்கள். நான் அவளைவிடப் பதினைஞ்சு கிலோ கூடுதல், இருக்கட்டும், தொடையும் அதற்குத் தக்கபடி உண்டே. கொண்டை வளைவுக்கு இருபது முப்பதடி கீழே வண்டி நின்றுவிட்டது. இறங்கினேன். இறங்கி உருட்டிக்கொண்டு மேலே போய், வழக்கமாக நான் நின்று கத்துகிற இடத்தில் போய் நின்றேன். பால்வெட்டுகிற பெண்களில் ஒருத்தி கேட்டாள், "அக்கா வரல்லியாண்ணே? அக்கா ஒருநாளும் எறங்க மாட்டாவளே."

உண்மைதான். ரெண்டு வருசத்தில் ஒருநாளும் அவள் அந்த வளைவில் இறங்கினதில்லை. எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்தது. வேர்வையைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளை நாகர்கோவிலில் மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். அவர் ஒரு இரும்புப் பிடியை அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடியில் வட்டமாக ஒரு மீட்டர், முள் கிலோவில் நிற்கும். என் ஸ்பிரிங் தராசின் அண்ணன் மாதிரி இருந்தது. இடது கை இருபத்திரண்டைத் தொட்டது. வலது கை ஏழைத் தாண்டவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள், ஏழுதான். நான் மூன்று மாதம் ஊரில் இருக்கிற லிவரை எல்லாம் கிலோ கணக்கில் அளந்து எழுதினவன்.

"சைக்கிள் ஓட்டலாமா?" என்று நான்தான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ரெண்டு கையையும் கோர்த்திருந்தாள். அவர் வேண்டாம் என்றால் அன்றோடு முடிந்தது, அது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உடம்புக்கு நல்லதுதான். ஆனா அந்த வலது விரலுக்கு வேலை குடுக்கக் கூடாது. பிரேக்க ஒழுங்காப் பிடிக்க முடியாம ரோட்டுல போறது தப்பு. அதுக்கு வழி இருந்தா ஓட்டட்டும், இல்லன்னா வேண்டாம்" என்றார்.

வெளியே வந்ததும், பஸ் நிறுத்தத்தில் வைத்து, நாலு வருசத்தில் கேட்காததைக் கேட்டேன். "உனக்கு எது ஒத்துவரும்? நீ சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்? பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்.

அந்த சனிக்கிழமை ஆரல்வாய்மொழிக்கு அவளை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். சாயாக்கடையில் கூட்டம் வந்து சேர்ந்ததும், விசயத்தைச் சொன்னேன். தராசு எடுத்துப் போகவில்லை. அவள் ஒவ்வொரு வண்டியிலும் கையை வைத்துப் பார்த்தாள். ஜப்பான் லிவரைத் தள்ளும்போதே உதட்டைக் கடித்தாள். அமெரிக்கனில் லேசாகத் தட்டுகிறது நடந்தது, நீட்டித் தள்ளுகிறது நடக்கவில்லை. இத்தாலி வண்டிக்காரர் முணுமுணுக்காமல் தானே முன்வந்து பிடித்துக் கொடுத்தார், பெருவிரலுக்கும் பலமில்லை, பாதியில் நின்றது. கடைசியாகப் பல் டாக்டர் வண்டி. வலது பட்டன் லேசுதான், ஆனால் விறைத்த விரலுக்கு எந்தப் பட்டனில் இருக்கிறோம் என்று தெரியவில்லை, மாற்றி மாற்றி அமுக்கினாள்.

எனக்கு மனசு விட்டுப்போனது. பல் டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கேலி பண்ணத் தவிர இந்த வண்டிகிட்ட ஒருநாளும் வந்ததில்ல. வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி, போனை எடுத்து, அந்த வண்டிக்கான ஆப்பில் நாலைந்து இடத்தில் தட்டினார். பிறகு அவளிடம், "இப்ப இடது கையில அமுக்குங்க டீச்சர்" என்றார்.

அவள் இடது பக்கம் ஒரு பட்டனைத் தொட்டாள். பின்னால் சின்னதாக ஒரு ஸீக். செயின் ஒரு படி ஏறியது. இன்னொன்றைத் தொட்டாள், இறங்கியது. பின்கியர் மொத்தமும் இடது கைக்கு வந்துவிட்டது, முன் பல்சக்கரத்தை அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும் என்றார். கம்பி வண்டியில் தலைகீழாக நின்றாலும் இது நடக்காது. பிரேக்கும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது, வலது கையின் மடங்குகிற ரெண்டு விரலே போதுமாக இருந்தது. அவர் சீட்டைத் தாழ்த்திக் கொடுக்க, அவள் கடைக்கு முன்னாலேயே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வலது பிரேக்கைப் பிடித்து என் கால் பக்கத்தில் நிறுத்தினாள். "இது" என்றாள்.

மூன்று கட்டம் போட்ட தாளைக் கடையில் கிழித்துப்போட்டேன். ஜப்பான் கம்பி செட்டை என் வண்டியில் மாட்டிக்கொண்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கானது இன்னொருவர் பெட்டியில் துணிக்கு நடுவே வந்து சேர ஆடி மாதம் ஆகிவிட்டது. மாட்டி முடித்த அன்றே சார்ஜும் போட்டேன். பல் டாக்டரிடம் போனில் சொன்னேன், அவர் ஒரு நிமிசம் சிரித்துவிட்டுத்தான் பேசினார்.

முதல் சனிக்கிழமை ஆரல்வாய்மொழிக்குப் போனோம். ஆடிக்காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். திரும்புகிற வழியில் நான் வழக்கம்போல முன்னால் போகப் பார்த்தேன், காற்றை மறைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு. "நீங்க பின்னால வாங்க" என்றாள். போனேன். நாலு வருசத்தில் முதல்தடவையாக நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். குனிந்து, முழங்கையை ஒடுக்கி, ஒரே தாளத்தில் மிதித்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஸீக் என்று ஒரு சத்தம். கியர் ஏற்றுகிறாள். உடனே இன்னொன்று, இறக்குகிறாள். ரோடு நேராகக் கிடக்கிறது. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, காற்றும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. மாற்ற ஒரு தேவையும் இல்லை. அவள் பாட்டுக்கு ஏற்றுகிறாள், இறக்குகிறாள், ரெண்டு படி தாண்டுகிறாள், கடைசிப் பல்சக்கரம் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறாள். பேட்டரி வீணாகும், செயின் தேயும், இப்படியா ஒரு வண்டியை ஓட்டுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

சொல்லவில்லை. தேயட்டும். பதினொன்றும் ஒன்றுபோலத் தேயட்டும்.